எல்லை தாண்டிய புல்வெட்டி

நீங்கள் தமிழா தம்பி? நினைத்தேன். வந்ததும் நேரே சமையலறைக்குப் போய், அடுப்புக்கு மேலே இருக்கிற ஃபேன் உண்மையிலேயே காற்றை வெளியே தள்ளுகிறதா, சும்மா சத்தம்தானா என்று கையை வைத்துப் பார்த்தீர்கள் பாருங்கள், அப்போதே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் முதலில் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். நாம்தான் தாளிக்கிற புகை எங்கே போகும் என்று பார்ப்போம்.

உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இந்த சோபா வீட்டுக்காரருடையது இல்லை. வீடு விற்கிற வரைக்கும் வாடகைக்கு வந்தது. அந்தப் புத்தகங்களும் அப்படித்தான். அட்டையின் நிறம் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். ஆசையாக ஒன்றை உருவிப் பார்த்தேன், ஸ்வீடிஷ் மொழி. டேனிஷாகவும் இருக்கலாம். எனக்கு இரண்டும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும்.

நானா? நான் வாங்க வரவில்லை. பக்கத்து வீடு. பெயர் தாணுலிங்கம், நாகர்கோவில்காரன். இந்த மெல்பர்னில் சனிக்கிழமையானால், விற்பனைக்கு வந்த வீடு எதுவாக இருந்தாலும் உள்ளே நுழைந்து, அலமாரியைத் திறந்து பார்த்து, குழாயைத் திருகிப் பார்த்து, குளியலறை டைல்ஸைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குப் போவது கௌரவமான பொழுதுபோக்கு. வாசலில் நிற்கிற புரோக்கர் பையன் ஒவ்வொரு தடவையும் பெயர் கேட்கிறான். நானும் ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் சொல்கிறேன். இன்றைக்கு நான் டாக்டர் ஃபெர்னாண்டோ. காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் இன்று பொழுதுபோக்குக்காக மட்டும் வரவில்லை. இந்த வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்பதில் எனக்கு அக்கறை உண்டு. உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. சொந்தமாகப் புல் வெட்டுவீர்களா, ஆள் வைத்து வெட்டுவீர்களா? உடனே சொல்ல வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள். ஏன் கேட்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள். முதலில் தெரிகிறதே, அது என் வீடு. அதற்கு அடுத்தது நெவில் வீடு. இந்தத் தெருவில் வீட்டு முன்புறம் யாருக்கும் வேலி கிடையாது. இங்கிருந்து அங்கே வரைக்கும் ஒரே பச்சை. அப்படியானால் எல்லை எங்கே? மனசுக்குள்தான். என் தண்ணீர் மீட்டரிலிருந்து நேர்கோடு ஒன்று இழுத்தால் அதுதான் எல்லை. எனக்கு அது துல்லியமாகத் தெரியும். தராசும் படியும் முழக்கோலும் சரியாக இருக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம் பார்த்தவன் நான். ஊரில் கடை கடையாகப் போனேன், இங்கே வந்த பிறகு பெட்ரோல் பங்க் பங்காகப் போனேன். ஓய்வு பெற்றாகிவிட்டது. ஆனால் கண் ஓய்வு பெறவில்லை.

போன வசந்தகாலம். இங்கே வசந்தம் செப்டம்பரில்தான் வரும். ஒரு மழை, ஒரு வெயில், புல் நம்மைக் கேட்காமல் வளரும். ஒரு சனிக்கிழமை காலை காப்பியோடு ஜன்னலுக்கு வந்தேன். நெவில் புல் வெட்டி முடித்திருந்தார். அவர் பக்கம் முழுதும் பச்சைப் பாய் விரித்த மாதிரி. அதோடு விட்டாரா? எல்லையைத் தாண்டி என் பக்கமும் ஒரு வரிசை வெட்டியிருந்தார். மெஷின் அகலத்துக்கு ஒரு வரிசை.

"கமலவேணி, இங்கே வா. இதைப் பார்."

"என்னத்த?"

"நம்ம பக்கம் ஒரு வரிசை வெட்டியிருக்கார்."

"நல்லதுதானே? மிச்சத்தையும் வெட்டித் தரச் சொல்லுங்க."

என் மனைவிக்கு எல்லாமே லேசு. தெரியாமல் கை தவறி வந்திருப்பார் என்றாள். தம்பி, நெவில் யார்? டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கத் தண்டவாளத்தின் மேலேயே போனவர். அவர் தெரியாமல் தடம் மாறுவாரா?

நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு சாண் நம் பக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். வக்கீல், சர்வேயர், கோர்ட். பேரன் காலம் வரைக்கும் வழி இருக்கிறது. ஆனால் எல்லை தாண்டி வந்து, நமக்காக வேலை செய்துவிட்டு, திரும்பிப் போய்விட்டவனை என்ன செய்வது? சட்டத்தில் இடமே இல்லை. நம் பழைய இலக்கணக்காரர்கள் பிறர் மாட்டைக் கவர்வதற்கு ஒரு திணை வைத்தார்கள், மீட்பதற்கு ஒரு திணை வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் புல்லைக் கேட்காமல் வெட்டித் தருவதற்கு ஒன்றும் வைக்கவில்லை. அவர்களுக்கே இது தோன்றவில்லை என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அடுத்த சனிக்கிழமை நான் முந்திக்கொண்டேன். என் பக்கத்தை வெட்டினேன். எல்லையைத் தாண்டினேன். இரண்டு வரிசை. ஒன்று திருப்பித் தந்தது, இன்னொன்று என் மரியாதைக்கு.

நெவில் அரைக்கால் சட்டையோடு டீக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என் முழுப் பெயர் அவர் வாயில் நிற்காது. பார்த்த முதல் நாளே சுருக்கிவிட்டார்.

"டானி! குட் ஆன் யா, மேட்!"

குட் ஆன் யா என்றால் சபாஷ். மேட் என்றால் நண்பன் என்று அகராதி சொல்லும். இங்கே பிரதமரும் மேட், பிளம்பரும் மேட், காரை இடித்தவனும் மேட். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆகவே நேராகவே கேட்டேன்.

"போன வாரம் என் பக்கம் ஏன் வெட்டினீங்க நெவில்?"

"மெஷின் ஓடிக்கிட்டுத்தானே இருந்துது, மேட்."

எவ்வளவு ஆழமான ஆள் பார்த்தீர்களா? ஓடிக்கொண்டிருந்தால்? கார்கூடத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்காக என்னைக் கடையில் இறக்கிவிட்டாரா?

அடுத்த சனிக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால், என் முன்புறம் முழுவதும் வெட்டியாகிவிட்டது. ஓரங்களும் சீவியாகிவிட்டது. தபால் பெட்டியின் காலைச் சுற்றி, கல்யாண மாப்பிள்ளைக்குக் கிருதா ஒதுக்கின மாதிரி. காரிலிருந்து இறங்க எனக்குக் கால் வரவில்லை. கமலவேணி கையைத் தட்டிச் சிரிக்கிறாள்.

அப்புறம் என்ன, நானும் இறங்கினேன். அவருடைய முன்புறம் முழுக்க வெட்டி, பக்கவாட்டையும் வெட்டினேன். அவர் என் குப்பைத் தொட்டிகளைத் தெருவிலிருந்து உள்ளே இழுத்து வைத்தார். நான் அவருடைய தொட்டிகளை இழுத்து வைத்து, கழுவியும் விட்டேன். நான் போட்டிக்காகச் செய்யவில்லை. எனக்குப் போட்டி மனப்பான்மையே கிடையாது, கமலவேணியைக் கேட்டுப் பாருங்கள். இல்லை, கேட்க வேண்டாம்.

அவளும் இதற்கிடையில் சும்மா இல்லை. ஒரு நாள் உளுந்தவடை ஒரு டப்பாவில் போட்டு நெவிலுக்குக் கொடுத்தாள். டப்பா எலுமிச்சம்பழத்தோடு வந்தது. எலுமிச்சம்பழம் ஊறுகாயாகப் போனது. ஊறுகாய் பாட்டிலுக்குப் பதில் அவர் மகள் லியான் செய்த கேக் வந்தது. கேக் தட்டில் முறுக்கு போனது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதாம்.

"இது எங்கே போய் முடியும்? இப்போ யார் பக்கம் பாக்கி நிக்குது?" என்று கேட்டேன்.

"எதுல?" என்றாள்.

அவளுக்கு அவ்வளவுதான் விவரம். நான் எவ்வளவு பெரிய பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தேன் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நவம்பரில் நிலைமை முற்றிவிட்டது. சனிக்கிழமைக்குக் காத்திருந்தால் அவர் முந்திவிடுகிறார் என்று நான் வெள்ளிக்கிழமை வெட்டினேன். அவர் வியாழன் வெட்டினார். நான் செவ்வாய்க்குப் போனேன். கடைசியில் வெட்டுவதற்குப் புல்லே இல்லை தம்பி. வளர்வதற்கு அதற்கு நேரம் கொடுத்தால்தானே? மெஷினை முன்னும் பின்னும் தள்ளிவிட்டுப் பையைத் திறந்தால் உள்ளே இரண்டு பூச்சியும் ஒரு ஐஸ்கிரீம் குச்சியும் இருக்கும். ஆனாலும் தள்ளுவேன். அவர் ஜன்னலில் நின்று பார்ப்பார். முடித்ததும் வெளியே வந்து, "வெயில் ஏறுது, மேட்" என்பார். நான் "ஆமாம், ஏறுது" என்பேன். அப்படியே மழை வருமா, அவர் ஓட்டின டிராமில் ஒருத்தன் ஆட்டுக்குட்டியோடு ஏறினானே, அந்தக் கதை, எங்கள் ஊர் பஸ்ஸில் கோழி ஏறின கதை. மதியச் சாப்பாட்டுக்குக் கமலவேணி மூன்று தடவை கூப்பிடுவாள். இவ்வளவு வேலைக்கு நடுவில் இதுவேறு தொந்தரவு.

கிறிஸ்துமஸ் நெருங்குகிறபோது நெவிலுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. புல்வெட்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வயதில் வாரத்துக்கு மூன்று தடவை மெஷினைத் தள்ளினால் இடுப்பு என்ன ஆகும்? யார் இவரைத் தள்ளச் சொன்னது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

சரி, ஜெயித்தோம் என்று நினைத்தேன். இரண்டு வீட்டுப் புல்லையும் நானே வெட்டினேன். அவர் ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். அவ்வளவுதான். உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருந்தது.

பிறகுதான் அந்தத் துரோகம். ஜனவரியில் ஒரு நாள் லாரி வந்து நின்றது. நாலு பேர் இறங்கி, நெவில் வீட்டு முன்புறத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பச்சை நிறத்தில் சுருள் சுருளாக எதையோ விரித்தார்கள். பிளாஸ்டிக் புல்! மகள் லியான் ஏற்பாடு. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அப்பாவுக்கு முடியல, உங்களுக்கும் எவ்வளவு சிரமம் குடுத்துட்டோம்! இனிமே இதை யாருமே வெட்ட வேண்டாம்."

யாருமே என்றால்? நானும்தானே தம்பி அதில் அடக்கம்?

அதற்குப் பெயர் புல்லா? தெருவில் நடக்கக் கூட்டி வந்த நாய்கூட ஏமாறவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் வந்துதான் காலைத் தூக்கியது.

இப்போது என் கஷ்டத்தைக் கேளுங்கள். சனிக்கிழமை என் பக்கத்தை வெட்ட ஆரம்பித்தால் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. அப்புறம்? கமலவேணி கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். எல்லோரும் மணலில் படுத்துக் கிடக்கிறார்கள். எனக்குக் கடல் எது, கரை எது என்று அலைக்கு அலை மாறுவதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. ஒரு நிலையான கோடு வேண்டாமா?

"அந்த மனுஷனைப் போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு..." என்றாள்.

"போய்?"

"போய்ப் பேசுங்க."

"எதைப் பத்தி?"

"எப்பவும் பேசுறதைத்தான்."

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? கதவைத் தட்டினால், என்ன விஷயம் என்று கேட்பாரே. கையில் டப்பா இருந்தால் பெண்கள் போகலாம். புல் இருந்தால் நான் போகலாம். ஒன்றுமே இல்லாமல் ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்று, சும்மா உங்களைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல முடியுமா? கேட்கவே விகாரமாக இல்லை?

அப்படியே நாலைந்து வாரம் ஓடியது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில். என் பக்கத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். மனம் எங்கேயோ. கால் பழகின வழியில் போகும் இல்லையா? மீட்டரைத் தாண்டியது. ஒரு வரிசை போனேன். எதுவோ பறக்கிறது, சருகாக்கும் என்று நினைத்தேன். திரும்பி இன்னொரு வரிசை வந்தேன். அப்போதுதான் மெஷின், கிரைண்டரில் தேங்காய் நார் சிக்கின மாதிரி ஒரு சத்தம் போட்டது. அந்தப் பச்சைப் பாயின் விளிம்பைக் கவ்வி, சுருட்டி, தின்று, துப்பியது. தெரு முழுக்கப் பச்சைப் பச்சையாகத் துணுக்கு. என் மீசையில்கூட.

கமலவேணி வாசலிலிருந்து கத்துகிறாள், "என்னங்க! அது பிளாஸ்டிக்குங்க!"

"தெரியும்!" என்றேன்.

"தெரிஞ்சுமா வெட்டினீங்க?"

நீங்களே சொல்லுங்கள் தம்பி. என் தவறு இதில் கடுகளவும் இல்லை. விளிம்பில் ஆணி சரியாக அடிக்கவில்லை, அது அவர்கள் குற்றம். இரண்டாவது, புல் மாதிரியே இருக்கிற ஒன்றைப் புல் இருக்கவேண்டிய இடத்தில் விரிப்பது. போலி எடைக்கல் வைத்திருந்தவனை நான் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறேன் தம்பி. போலிப் புல்லுக்கு மட்டும் சட்டம் கிடையாதாம்.

நெவில் கதவைத் திறந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். கிழிந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்லவிதமாகப் பழகின மனிதர், இனிமேல் ஜன்னலிலிருந்து கைகூடத் தூக்க மாட்டார், அதுவும் போயிற்று என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. இடுப்பு வலியாக்கும் என்று பிடிக்க ஓடினேன்.

சிரிக்கிறார்!

"எத்தனை வரிசை, டானி?"

"ரெண்டு."

"முதல் தடவை மாதிரியே."

"முதல் தடவை மாதிரியேதான். மெஷின் ஓடிக்கிட்டுத்தானே இருந்துது" என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ சிரிக்க வைக்காதே, இடுப்பு, இடுப்பு" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று புரியவில்லை. ஆனாலும் ஒரு மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

புதிதாக விரித்துத் தருகிறேன் என்று சொன்னேன். லியான் ஆட்களைக் கூப்பிட போனை எடுத்துவிட்டாள். நெவில் வேண்டாம் என்றுவிட்டார். கிழிந்ததைக் கத்தியால் நேராக அறுத்து எடுக்கச் சொன்னார். நான் மீட்டரிலிருந்து கயிறு பிடித்து அறுத்தேன். அங்கே இரண்டு வரிசை அகலத்துக்கு வெறும் மண். மறுநாள் ஒரு பொட்டலம் புல் விதை வாங்கி வந்தார். அவரால் குனிய முடியாது. அவர் நின்று கையைக் காட்டினார், நான் தூவினேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமையானால் அந்த மண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டுவிடுகிறோம். அவர் பியர், நான் டீ. அதோ தெரிகிறதா, நீல நாற்காலி என்னுடையது.

"மண்ணைப் பாத்துக்கிட்டு அப்படி என்னதான் பேசுறீங்க?" என்று கமலவேணி கேட்கிறாள். பேசுவதற்காகவா போகிறோம்? முளைக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பொறுப்பு இருக்கிறது.

முளைத்தும்விட்டது. இப்போது பிரச்சினை என்னவென்றால், முதல் வெட்டு யாருடையது? இடம் அவருடையது. ஆனால் இடத்தை உண்டாக்கியது நான். விதை அவர் வாங்கினது, தூவினது நான். தண்ணீரோ, அவர் ஊற்றினது தெரியாமல் நானும், நான் ஊற்றினது தெரியாமல் அவரும் ஊற்றினோம். போன வாரம் உட்கார்ந்து ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். மூன்று விரல் உயரம் வளர்கிற வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது. யாருடைய விரல் என்று கேட்டேன். சிரித்தார். அவர் விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் தம்பி, இதையெல்லாம் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் என் விரல் என்று முடிவானது. இன்று காலை வைத்துப் பார்த்தேன். மூன்று விரலுக்கு நூலிழை குறைச்சல். நாளைக்கு ஆகிவிடும். அவர் மெஷினைத் தொடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆகவே முதல் வெட்டு என்னுடையதுதான். மெஷினுக்கு எண்ணெய்கூடப் போட்டாயிற்று.

அதனால்தான் இந்தப் பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். நெவில் பக்கம் எனக்கு இரண்டே வரிசைதான் இருக்கிறது. ஒரு மனிதனுக்கு அது எந்த மூலைக்கு? இந்தப் பக்கமும் ஒரு... என்ன? முன்புறம் முழுக்க சிமெண்ட் போட்டுவிடலாம் என்று பார்க்கிறீர்களா? தம்பி, நல்லவராகத் தெரிகிறீர்கள், அதனால் சொல்கிறேன். இந்த வீட்டுக் கூரையில் போசம் என்று ஒரு பிராணி குடியிருக்கிறது. பூனை அளவு. ராத்திரியில் உருண்டு விளையாடும். எனக்குத் தெரிந்து இரண்டு குடும்பம் இதனால்...

இருங்கள். அது யார்?

நெவில்தானே? நாற்காலியை எங்கே இழுக்கிறார்? புல்லுக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். குனியவில்லை, உட்கார்ந்துகொண்டே கையை நீட்டுகிறார். கையில் என்ன மின்னுகிறது? உங்களுக்குக் கண் நல்ல கண், பார்த்துச் சொல்லுங்கள்.

கத்திரிக்கோலா!

அடப்பாவி மனுஷா! டாக்டர் மெஷினைத்தானே தொடக்கூடாது என்றார், கத்திரிக்கோலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! இன்னும் நூலிழை பாக்கி இருக்கிறது, அதற்குள் ஓரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார், அதுவும் சிரித்துக்கொண்டே! நான் என் வீட்டுக்குள் போய்த் தேடி எடுத்து வருவதற்குள் பாதியை முடித்துவிடுவார். தம்பி, உங்கள் பின்னால் அந்த டிராயரைத் திறங்கள். கத்திரிக்கோல் இருக்கிறதா? கத்தி? ஒன்றுமே இல்லையா, எல்லாம் வாடகை டிராயர்! அது என்ன, மூலையில் சக்கரம் மாதிரி?

பீட்ஸா வெட்டுகிறதா? பரவாயில்லை, கொடுங்கள், கொடுங்கள். புரோக்கர் கேட்டால் டாக்டர் ஃபெர்னாண்டோ எடுத்துப் போனார் என்று சொல்லுங்கள்.